கங்கா ஆரத்தி: ஒரு நதிக்கு எதுக்குத் தீபாராதனை?

(எபிசோட்ல பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கேன். பேச்சு நடை அங்கங்கே அப்படியேதான் இருக்கும்.)

இந்த வாரம் காசிக்குப் போறோம். குறிப்பா ஒரே ஒரு இடம், ஒரே ஒரு முக்கால் மணி நேரம். தசாஸ்வமேத காட்ல தினமும் சாயங்காலம் நடக்கிற கங்கா ஆரத்தி.

போன வருஷம் பிப்ரவரியில அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் காசி போயிருந்தேன். அம்மாவோட பல வருஷ ஆசை. எனக்கு ஆசைன்னு எதுவும் இல்லை, லீவு இருந்தது, போனேன். போறதுக்கு முந்தின ராத்திரி ஒரு தப்பு பண்ணிட்டேன். கங்கைத் தண்ணியோட பரிசோதனை அளவுகளை உட்கார்ந்து படிச்சேன். எஞ்சினியர் புத்தி, என்ன பண்றது. மறுநாள் சாயங்காலம் படிக்கட்டுல அம்மா பக்கத்துல உட்கார்ந்து ஆரத்தி பார்க்கும்போது அந்த எண்கள் எல்லாம் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. எதிர்ல ஏழு பேர் அந்தத் தண்ணிக்கு விளக்கு காட்டுறாங்க. அம்மா கைகூப்பி உட்கார்ந்திருக்காங்க. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இவ்வளவு மரியாதை பண்ற இடத்துலயே இவ்வளவு சாக்கடையும் எப்படிக் கலக்குது? ரெண்டும் ஒரே ஊர்ல, ஒரே தண்ணியில.

அந்தக் கேள்வியில இருந்து பிறந்ததுதான் இந்த எபிசோட். முதல்ல ஆரத்தின்னா என்னன்னு பார்ப்போம். அப்புறம் தண்ணிக்கு வருவோம்.

ஆரத்தியா, தீபாராதனையா?

ஒரு சின்னக் குழப்பத்தை முதல்லயே தீர்த்துடலாம். நம்ம வீட்ல "ஆரத்தி எடு"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை வாசல்ல நிக்கிறாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செவப்புத் தண்ணியைத் தட்டுல சுத்தி, நெத்தியில பொட்டு வெச்சு, வாசல்ல ஊத்துவாங்க. அது கண்ணேறு கழிக்கிறது. ஆலம் சுத்துறது, ஆலாத்தின்னும் சொல்லுவாங்க.

வடக்கே ஆர்த்தின்னு சொல்றது அது இல்லை. நம்ம கோயில்ல மணி அடிச்சு, திரையை விலக்கி, அடுக்கு தீபம் காட்டுறாங்களே, அந்தத் தீபாராதனைக்குத்தான் அங்கே ஆர்த்தின்னு பேர். சமஸ்கிருதத்துல ஆராத்ரிகம்ங்கிற சொல்லோட தேய்ந்த வடிவம்னு சொல்வாங்க. அதனால கங்கா ஆரத்தியை நம்ம மொழியில சொல்லணும்னா, கங்கைக்குச் செய்ற சாயரட்சை தீபாராதனை. அவ்வளவுதான். இப்படிச் சொன்னதும் அம்மாவுக்கு எல்லாமே புரிஞ்சுடுச்சு. "நம்ம கோயில்ல உள்ளே நடக்கிறது இங்கே வெளியில நடக்குது"ன்னாங்க. ரொம்பச் சரியான விளக்கம்.

அந்த இடத்தோட அமைப்பு

காசியில கங்கை தெற்கே இருந்து வடக்கு நோக்கி ஓடுது. இமயமலையில இருந்து கீழே வந்து கிழக்கே கடலுக்குப் போற நதி, இந்த இடத்துல வளைஞ்சு வடக்கே திரும்புது. உத்தரவாகினின்னு இதுக்குப் பேர். இந்த வளைவோட மேற்குக் கரையிலதான் ஊர் முழுக்க இருக்கு. சுமார் 84 படித்துறைகள், தெற்கே அஸ்ஸியில இருந்து வடக்கே வருணை கலக்கிற பக்கம் வரைக்கும் வரிசையா. வருணை, அஸ்ஸி இந்த ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாரணாசின்னு வழக்கமா சொல்ற விளக்கம். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

எதிர்க்கரையில கட்டடமே இல்லை. மணல்திட்டு, வெட்டவெளி. வெள்ளக் காலத்துல அது முழுக்கத் தண்ணிக்குள்ள போயிடும்.

இதோட விளைவைக் கவனிங்க. காலையில சூரியன் எதிர்க்கரையில உதிக்கும். படித்துறையில குளிக்கிறவங்க முகத்துல நேரா வெளிச்சம் விழும். சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னாடி, உயரமான கட்டடங்களுக்குப் பின்னாடி மறையும். அதனால படித்துறையில இருட்டு சீக்கிரமாவே இறங்கிடும். நதியைப் பார்த்து உட்கார்ந்தா முன்னாடி ஒரு விளக்குகூட இல்லாத இருட்டு. அந்த இருட்டுக்கு எதிரா ஒரு அடுக்கு தீபத்தைத் தூக்கிப் பிடிச்சா எப்படி இருக்கும்? யாரும் செட் போட வேண்டிய அவசியமே இல்லை. ஊரோட அமைப்பே அந்த வேலையைச் செஞ்சுடுது.

தசாஸ்வமேத காட், பேருக்கு ஏத்த மாதிரி, பிரம்மா பத்து அசுவமேதம் செஞ்ச இடம்னு புராணம் சொல்லுது. காசி விசுவநாதர் கோயில்ல இருந்து நடக்கிற தூரம். ஊரோட பெரிய கடைவீதி வந்து முடியிற இடமும் இதுதான். கூட்டம் இயல்பாவே இங்கேதான் வந்து சேரும்.

முக்கால் மணி நேரத்துல என்ன நடக்குது?

படித்துறையில தண்ணிக்குப் பக்கத்துல ஏழு மேடைகள் போட்டிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு இளம் அர்ச்சகர். பட்டு வேட்டி, மேல ஒரே மாதிரி உடை. கார்த்திகைப் பௌர்ணமிக்கு வர்ற தேவ் தீபாவளி அன்னைக்கு மட்டும் இந்த எண்ணிக்கை 21 ஆகும்.

முதல்ல சங்கு. அப்புறம் கங்கைக்குப் பூஜை. அதுக்கப்புறம் ஒவ்வொரு பொருளா எடுத்துக் காட்டுறாங்க. ஏறத்தாழ இந்த வரிசை: கொத்தா ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை மாதிரி தூபம், பல அடுக்கு விளக்கு, நாகம் படம் எடுத்த மாதிரி பிடி இருக்கிற கற்பூர தீபம், கடைசியில மயில்பீலி விசிறி, வெண்சாமரம். ஒவ்வொண்ணையும் முதல்ல நதியைப் பார்த்துச் சுத்துறாங்க, அப்புறம் திரும்பி மத்த திசைகளுக்கும். அதாவது நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் பாதி நேரம் நிக்கிறாங்க. முதல் தடவை பார்க்கிற சிலருக்கு இது ஏமாற்றமா இருக்கும். ஆனா யாருக்கு இந்த மரியாதைங்கிறதுக்கு அதுவே பதில்.

இந்தப் பொருட்களுக்கு ஏன் இந்த வரிசை? வீட்டுக்கு முக்கியமான விருந்தாளி வந்தா என்ன செய்வோம்? உட்கார இடம், கைகால் கழுவத் தண்ணி, வாசனை, விளக்கு, சாப்பாடு, வெயிலா இருந்தா விசிறி. பூஜையில உபசாரம்னு சொல்றது இதைத்தான். பதினாறு உபசாரம்னு ஒரு பட்டியலே உண்டு. நம்ம சிவன் கோயில்ல பெரிய தீபாராதனை பார்த்திருந்தீங்கன்னா தெரியும், தீபங்கள் முடிஞ்சதும் கண்ணாடி, குடை, சாமரம், விசிறின்னு வரிசையா வரும். அதே இலக்கணம்தான் இங்கேயும். ஒரு வித்தியாசம், கருவறையும் கதவும் கிடையாது. மேடைக்குப் பக்கத்துல கங்கையோட சிலை ஒண்ணு வெச்சிருந்தாலும், அர்ச்சகர் முகம் திரும்புறது ஓடுற தண்ணியைப் பார்த்துதான். எவ்வளவு தூரத்துல உட்கார்ந்திருந்தாலும், எந்த ஜாதியா இருந்தாலும், எந்த நாட்டுல இருந்து வந்திருந்தாலும், தெய்வத்துக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு தடுப்பும் இல்லை. டிக்கெட்டும் இல்லை.

இன்னொரு விஷயம் என்னை அசர வெச்சது. ஏழு பேரும் ஒரே நேரத்துல கையைத் தூக்குறாங்க, ஒரே நேரத்துல திரும்புறாங்க. அந்த அடுக்கு விளக்கு நல்ல கனம், எண்ணெயும் தீயும் வேற. ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்க்கிறது இல்லை. அவங்களுக்குப் பொதுவா இருக்கிறது ஒலிபெருக்கியில வர்ற பாட்டும் மணியோசையும்தான். நம்ம வேலையில நாலு சர்வரை ஒரே நேரத்துக்கு ஒத்துப்போக வைக்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே ஏழு பேர் தினமும் தீயைக் கையில வெச்சுக்கிட்டு அதைச் செய்றாங்க.

இது எவ்வளவு பழசு?

இந்த இடத்துலதான் பலருக்கு ஆச்சரியமா இருக்கும். கங்கையைத் தெய்வமா கும்பிடுறது ரொம்பப் பழசு. சாயங்காலம் நதிக்கரையில விளக்கேத்துறதும் பழசு. ஆனா நாம வீடியோவுல பார்க்கிற இந்த வடிவம், அதாவது மேடை, ஒரே மாதிரி உடை, ஒலிபெருக்கி, வரிசையா நின்னு செய்ற அசைவு, இது தசாஸ்வமேத காட்ல 1990களில் உருவானது. அதுக்கு முன்னாடி சின்ன அளவுல நடந்துக்கிட்டு இருந்ததை கங்கா சேவா நிதிங்கிற அமைப்பு இந்த அளவுக்குப் பெருசாக்குச்சு. என்னைவிடச் சில வயசுதான் மூத்தது.

"அப்போ இது டூரிஸ்ட் ஷோதானே?"ன்னு கேட்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஒரு சடங்கு புதுசுங்கிறதாலேயே அது பொய்யாகிடாது. நம்ம ஊர்ல கூட்டமா நடக்கிற பல திருவிளக்கு பூஜைகளுக்கு எத்தனை வயசு? செய்றவங்க மனசுல அது நிஜம்தானே.

இதைவிட சுவாரசியமான கதை ஹரித்வார்ல இருக்கு. அங்கே ஹர் கி பௌரியில நடக்கிற ஆரத்திதான் வடக்கே இன்னொரு புகழ்பெற்ற ஆரத்தி. அதை நடத்துறது கங்கா சபை. அந்தச் சபை எப்படி வந்ததுன்னு பாருங்க. 1854-ல பிரிட்டிஷ்காரங்க ஹரித்வார்ல இருந்து பாசனத்துக்கு கங்கைக் கால்வாயைத் திறந்துட்டாங்க. இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல பீம்கோடாவுல அணை வேலைகளை விரிவாக்கத் திட்டம் போட்டப்ப, ஹர் கி பௌரிக்கு வர்ற தண்ணி முழுக்க அதிகாரிகள் திறந்து மூடுற மதகோட கையில போயிடும்னு யாத்ரீகர்களும் பண்டாக்களும் சமஸ்தான ராஜாக்களும் எதிர்த்தாங்க. மதன்மோகன் மாளவியா முன்னாடி நின்னார். 1916-ல அரசாங்கம் இறங்கிவந்து, படித்துறைக்குத் தண்ணி தடையில்லாம வர ஒப்புக்கிச்சு. கங்கா சபை அந்தப் போராட்டத்துல பிறந்த அமைப்பு.

அதாவது, அங்கே விளக்கு காட்டுற கையும் தண்ணிக்காகச் சண்டை போட்ட கையும் ஒண்ணு. நதி ஓடலைன்னா ஆரத்தி யாருக்குன்னு அவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருந்தது. அதே 1916-லதான் அதே மாளவியா காசியில இந்து பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒரு நாளும் நிக்காத வேலை

ஆரத்தியோட நேரம் சூரியனைப் பொறுத்தது. கோடையில ஏழு மணி வாக்குல, குளிர்காலத்துல ஆறு, ஆறரைக்கு. ஆகஸ்ட், செப்டம்பர்ல வெள்ளம் வந்தா படித்துறை முழுகிடும். அப்போ படி ஏறி மேல வருவாங்க. அதுவும் முழுகினா கட்டடத்து மொட்டை மாடியில நடக்கும். சந்திர கிரகணம் ராத்திரி வந்தா, அதுக்கு முன்னாடியே தொடங்குற தீட்டு நேரத்தைத் தவிர்க்க, மத்தியானமே ஆரத்தி முடிஞ்சிடும். 2018 ஜூலை, 2019 ஜூலை, 2025 செப்டம்பர் கிரகணங்கள்ல அப்படித்தான் நடந்தது. பட்டப்பகல்ல அடுக்கு விளக்கு.

2020-ல கொரோனா ஊரடங்கு வந்ததும் படித்துறையில பொதுமக்களே இல்லை. ஏழு பேருக்குப் பதிலா ஒரே ஒரு அர்ச்சகர் எளிமையா செஞ்சார். கூட்டம் இல்லை. ஆனா நிறுத்தலை. டூரிஸ்ட் ஷோங்கிற என்னோட எண்ணம் மாறினது இதைக் கேட்டப்பதான். பார்க்க யாருமே இல்லாதப்பவும் நடக்கிற விஷயத்தை வெறும் ஷோன்னு எப்படிச் சொல்றது?

இப்போ தண்ணிக்கு வருவோம்

மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன ரெண்டு பேர்: வருணை, அஸ்ஸி. ஊருக்குப் பேர் கொடுத்த ரெண்டு நதிகள். இன்னைக்கு அஸ்ஸி ஒரு சாக்கடை. ஊர்க்காரங்களே அஸ்ஸி நாலான்னுதான் சொல்றாங்க, நாலான்னா வாய்க்கால், சாக்கடை. வருணையிலயும் ஊரோட கழிவுநீர் வந்து சேருது.

தண்ணி எவ்வளவு கெட்டிருக்குன்னு எப்படி அளக்கிறாங்க? மூணு எண்களைப் புரிஞ்சுக்கிட்டா போதும். முதலாவது, தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன். மீன் உயிரோட இருக்க இது வேணும். குளிக்கத் தகுந்த நதின்னா லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ரெண்டாவது, பி.ஓ.டி. தண்ணியில இருக்கிற அழுக்கைத் தின்னு செரிக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுதுங்கிற கணக்கு. இது 3-க்கு மேல போகக் கூடாது. மூணாவதுதான் முக்கியம், மலக் கோலிஃபார்ம். மனுஷக் குடல்லயும் மிருகக் குடல்லயும் வாழற பாக்டீரியா. இது தண்ணியில இருக்குன்னா கழிவு நேரா கலந்திருக்குன்னு அர்த்தம். குளிக்கிற இடத்துல 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள்ள இருக்கிறது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாதுங்கிறது நம்ம நாட்டு விதி. காசியில இந்த மூணாவது எண்தான் பல வருஷமா தோத்துக்கிட்டு இருக்கு. அதுலயும் ஊர் முழுக்கக் கடந்து, வருணை கலந்த பிறகு எடுக்கிற மாதிரியில நிலைமை இன்னும் மோசம்.

சுத்தம் பண்ண முயற்சியே இல்லையான்னா, நிறைய. 1986 ஜூன் 14-ல ராஜீவ் காந்தி கங்கை செயல் திட்டத்தைக் காசியிலேயே வந்து தொடங்கி வெச்சார். தீனாபூர்ல நாளுக்கு 8 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டினாங்க. பிரச்சனை எங்கே வந்தது? படித்துறை ஓரமா வர்ற கழிவுநீரைப் பம்ப் வெச்சு மேல ஏத்தித்தான் நிலையத்துக்கு அனுப்பணும். பம்புக்குக் கரண்ட் வேணும். கரண்ட் போனா பம்ப் நிக்கும், கழிவு நேரா கங்கைக்குப் போகும். வெள்ளம் வந்தாலும் அதே கதை. அது போக, அந்தக் காலத்து நிலையங்கள் பி.ஓ.டி.யைக் குறைக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவைக் கொல்ற ஏற்பாடு அதுல சரியா இல்லை. அதாவது சுத்திகரிச்சு வெளியே விட்ட தண்ணியிலயே நோய்க்கிருமி இருக்கலாம். நம்ம பாஷையில சொன்னா, தப்பான அளவீட்டை வெச்சு டெஸ்ட் பாஸ்னு போட்டுட்டாங்க.

இதைத் தெளிவா எடுத்துச் சொன்னவர் ஒருத்தர் இருந்தார். வீரபத்ர மிஸ்ரா. காசி சங்கட மோசன் அனுமார் கோயிலோட மஹந்த், அதாவது தலைமைப் பொறுப்பாளர். அதே நேரம் இந்து பல்கலைக்கழகத்துல, ஆமா, மாளவியா தொடங்கின அதே இடத்துல, சிவில் எஞ்சினியரிங் பேராசிரியர். அவரோட பாடம் நீரியக்கவியல், தண்ணி எப்படி ஓடும்ங்கிற கணக்கு. காலையில துளசி காட்ல இறங்கி கங்கையில முழுக்குப் போட்டுட்டு, அப்புறம் அதே தண்ணியோட மாதிரியை ஆய்வகத்துல வெச்சுப் பரிசோதிச்சவர். 1982-ல சங்கட மோசன் அறக்கட்டளையைத் தொடங்கினார். துளசி காட்லயே பரிசோதனைக் கூடம் வெச்சு, சொந்தமா எண்களை எடுத்தாங்க. அரசாங்கம் "குறைஞ்சிருக்கு"ன்னு சொன்னப்ப, இவங்க கையிலயும் கணக்கு இருந்தது.

அவர் சொன்ன மாற்று வழியும் எஞ்சினியர் வழிதான். படித்துறை ஓரமா ஒரு பெரிய குழாய் போட்டு, சரிவை வெச்சே, பம்ப் இல்லாம, கழிவுநீரை ஊருக்கு வெளியே கொண்டுபோறது. அங்கே ஆழமான குளங்கள் வரிசையா வெட்டி, பாசியும் சூரிய ஒளியும் பாக்டீரியாவும் அந்த வேலையைச் செய்ய விடுறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து பெர்க்லியில வில்லியம் ஆஸ்வால்ட் உருவாக்கின முறை. கரண்ட் தேவை மிகக் குறைவு. கரண்ட் போனாலும் புவியீர்ப்பு போகாது இல்லையா? ஆனா அந்தத் திட்டம் அவர் கேட்ட மாதிரி நிறைவேறலை. அவர் 2013 மார்ச்சுல காலமானார். இப்போ மஹந்தா இருக்கிற அவர் மகனும் ஐ.ஐ.டி. பேராசிரியர்தான், எலெக்ட்ரானிக்ஸ் துறை.

அதுக்கப்புறம் 2014-ல நமாமி கங்கே வந்தது, 20,000 கோடி ரூபாய்த் திட்டம். காசியில புது நிலையங்கள் எழும்பின. தீனாபூர்ல நாளுக்கு 14 கோடி லிட்டர், கோய்டாவுல 12 கோடி, ரம்னாவுல 5 கோடி. முன்னைவிட நிறைய முன்னேற்றம், அதைச் சொல்லாம விடக் கூடாது. படித்துறைகளும் பளிச்சுன்னு இருக்கு. ஆனா கொள்ளளவு கட்டினா மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டுக் கழிவும் குழாய் வழியா அந்த நிலையத்துக்குப் போய்ச் சேரணும், நிலையம் தினமும் ஓடணும். ஆரத்தி மாதிரி, ஒரு நாளும் நிக்காம.

"கங்கைத் தண்ணி கெட்டே போகாதாமே?"

காசி எபிசோட்னு சொன்னதுமே நேயர்கள் பல பேர் அனுப்பின கேள்வி இது. இதுக்குப் பின்னாடி ஒரு நிஜமான ஆராய்ச்சி இருக்கு. 1896-ல எர்னஸ்ட் ஹான்கின்ங்கிற பிரிட்டிஷ் பாக்டீரியா ஆய்வாளர், ஆக்ராவுல வேலை பார்த்தவர், கங்கை யமுனைத் தண்ணியில காலராக் கிருமியைப் போட்டா அது சில மணி நேரத்துல செத்துடுதுன்னு எழுதினார். தண்ணியைக் கொதிக்க வெச்சா அந்தச் சக்தி போயிடுதுன்னும் எழுதினார். பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ், பாக்டீரியோஃபேஜ், அதுதான் காரணமா இருக்கும்னு பின்னாடி பலர் விளக்கினாங்க.

சரி, அப்போ பயமில்லையா? இருக்கு. ஒரு ஃபேஜ் ஒரு குறிப்பிட்ட வகை பாக்டீரியாவைத்தான் தாக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி. மத்த கிருமிகளை அது தொடாது. சாயக்கழிவு, ரசாயனம் இதையெல்லாம் அது ஒண்ணும் செய்யாது. இன்னைக்கு எடுக்கிற மாதிரியில கோலிஃபார்ம் உயிரோட எண்ணிக்கையில வருதுன்னா, ஃபேஜ் அதை முடிக்கலைன்னுதான் அர்த்தம். ஹான்கின் பார்த்த நதியில இன்னைக்கு இருக்கிற அளவு கழிவு இல்லைங்கிறதையும் மறக்கக் கூடாது.

புனிதம் வேற, சுத்தம் வேற

இனி என்னோட முதல் கேள்விக்கு வரேன். இவ்வளவு மரியாதையும் இவ்வளவு சாக்கடையும் ஒரே இடத்துல எப்படி?

கெல்லி ஆலிங்கிற மானுடவியல் ஆய்வாளர் காசியிலயே தங்கி இதைப் பத்தி ஆராய்ஞ்சிருக்காங்க. 2002-ல அவங்க புத்தகம் வந்தது. அவங்க பார்த்த முக்கியமான விஷயம், அங்கே இருக்கிறவங்க மனசுல புனிதமும் சுத்தமும் தனித்தனி விஷயங்கள். கங்கையில அழுக்கு சேரலாம், அதனால அவளோட புனிதம் போகாது. குழந்தை அசிங்கம் பண்ணினா அம்மா கழுவி விடுற மாதிரி, கங்கா மாதா நம்ம அழுக்கை ஏத்துக்கிட்டுக் கழுவிடுவான்னு ஒரு எண்ணம். வெளியில இருந்து போற நம்மளை மாதிரி ஆளு "தண்ணி அசுத்தம்"னு சொன்னா, "எங்க அம்மாவைப் பழிக்கிறான்"னு அவங்க காதுல விழுது. ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசிக்கிட்டு இருக்காங்க.

மிஸ்ராவோட பேச்சு அங்கே எடுபட்டதுக்கும் காரணம் இதுதான்னு எனக்குத் தோணுது. தாய் அசுத்தமாயிட்டான்னு அவர் சொல்லலை. தாய் மேல அழுக்கைக் கொட்டிக்கிட்டு இருக்கோம்னு சொன்னார். அதுவும் தினமும் அந்தத் தண்ணியில முழுகிட்டு வந்து சொன்னார்.

இது காசியோட நிக்கலை. 2018 அக்டோபர்ல தாமிரபரணி மகா புஷ்கரம் நடந்தப்ப, நம்ம திருநெல்வேலி படித்துறைகள்லயும் சாயங்காலம் நதிக்கு ஆரத்தி நடந்தது. காசி பாணி இப்படி இங்கேயும் வந்தாச்சு. தப்பில்லை, அழகாத்தான் இருந்தது. ஆனா பாணியை எடுத்துக்கிறப்ப ஹரித்வார் கதையையும் சேர்த்து எடுத்துக்கணும்.

ஆரத்தி முடிஞ்ச அப்புறம் நடந்ததைச் சொல்றேன். கூட்டம் கலையுது. அம்மா கடைசிப் படிக்கு இறங்கி, குனிஞ்சு ஒரு கை தண்ணி எடுத்தாங்க. தலையில தெளிச்சுக்கிட்டு, வாய்கிட்ட கொண்டுபோனாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

"அம்மா, குடிக்காத. நேத்து படிச்சேன், சாக்கடை கலக்குது இதுல."

"எனக்கு மூக்கு இல்லையாடா? மேல நிக்கும்போதே தெரிஞ்சது. உதட்டுல தொட்டுக்கத்தான் போறேன்."

நான் அந்த ஆராய்ச்சிப் புத்தகத்துல இருந்ததை அம்மாகிட்ட சொன்னேன். இங்கே இருக்கிறவங்க, பிள்ளை அசிங்கம் பண்ணா அம்மா கழுவுவான்னு சொல்றாங்களாம்னு.

அம்மா கையைப் புடவைத் தலைப்புல துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "சரிதான். கைக்குழந்தைக்குக் கழுவலாம். இருபத்தெட்டு வயசுத் தடியனுக்குமா கழுவிக்கிட்டு இருப்பா?"

நான் சிரிச்சேன். ரூமுக்கு வந்த அப்புறம் அவ்வளவா சிரிப்பு வரலை. எங்க அப்பார்ட்மென்ட் கழிவுநீர் எங்கே போகுதுன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அஸ்ஸி நாலாவைப் பத்தி அரை மணி நேரம் பேசத் தெரியுது, எங்க வீட்டுப் பின்னாடி என்ன ஓடுதுன்னு தெரியலை. ஊர் திரும்பின அப்புறம் அசோசியேஷன்ல கேட்டேன். சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கு, பல மாசமா ஓடலை, லாரி வந்து அள்ளிக்கிட்டுப் போகுதுன்னாங்க. லாரி எங்கே கொட்டுதுன்னு யாருக்கும் தெரியலை. இப்போ அது ஓட ஆரம்பிச்சிருக்கு. வாரம் ஒரு தடவை போய் மீட்டரைப் பார்த்துட்டு வர்றது என்னோட வேலை.

நீங்க போறதா இருந்தா

கடைசியா, போறவங்களுக்குச் சில குறிப்புகள். படியில இடம் வேணும்னா ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. படகுல இருந்து பார்த்தா அர்ச்சகர் முகம் தெரியும், படியில இருந்து பார்த்தா நதி தெரியும். படகு எடுத்தா ஏறுறதுக்கு முன்னாடியே காசு பேசிடுங்க, லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்க. ஆரத்தி பார்க்கக் கட்டணம் கிடையாது. யாராவது கையில பூ கொடுத்துட்டுக் காசு கேட்டா, வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விளக்கு மிதக்க விடணும்னா இலைத் தொன்னையில பூவும் திரியும் வெச்சு விக்கிறதை வாங்குங்க, பிளாஸ்டிக்கோ தெர்மாகோலோ வேண்டாம். வெள்ளக் காலத்துல போனா மொட்டை மாடி ஆரத்திதான் கிடைக்கும்.

தண்ணி? தலையில தெளிச்சுக்கோங்க. குடிக்கிறதுக்கு பாட்டில் எடுத்துட்டுப் போங்க. எங்க அம்மா வாங்கிட்டு வந்த காசிச் செம்பு இப்போ பூஜை அலமாரியில, முத்திரை பிரிக்காம இருக்கு.

உங்க வீட்டுக் கழிவுநீர் எங்கே போகுதுன்னு கண்டுபிடிச்சீங்கன்னா எனக்கு எழுதுங்க. நல்ல பதில்களை அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.